போக்கர் சீட்டாட்டமும் திறமையும்

சீட்டாட்டத்தைப் பற்றி நாம் தலையங்கம் எழுதுவதா என்று சில தோழர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். ஊர்ச்சாவடியில் கிடந்த சீட்டுக்கட்டு இப்போது ஒவ்வொருவன் சட்டைப்பையிலும் கைப்பேசியாக வந்து உட்கார்ந்துகொண்டிருக்கின்றபடியால், இதைப் பற்றிப் பேசாதிருப்பதுதான் ஆச்சரியமாகும். அதிலும் "போக்கர்" என்னும் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டால் வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம் என்று வாலிபர்களுக்குள் பரவியிருக்கும் எண்ணத்தைக் குறித்து இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டியது அவசியமென்றே கருதுகின்றோம்.

இந்த ஆட்டம் முழுவதும் தலைவிதி என்று சொல்லுகிறவர்களோடு நாம் சேரமாட்டோம். பெரும்பாலோர் ஆடும் வகையில், ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கொடுக்கப்படும்; ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறந்துவைக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தை உடையவனுக்கு நடுவில் சேர்ந்த பணம் போகும். மற்றவர்கள் பயந்து விலகிவிட்டால் கையில் ஒன்றுமில்லாதவனுக்கும் அதுவே போகும். எந்தச் சீட்டு வரும் என்பது நம் கையில் இல்லை. வந்த சீட்டுக்கு எவ்வளவு பணம் வைக்கலாம் என்பது நம் கையில்தான் இருக்கின்றது.

ஒரு உதாரணம் சொல்லுவோம். ஒருவன் கையில் இரண்டு இஸ்பேட்; திறந்திருக்கும் நான்கு சீட்டில் இரண்டு இஸ்பேட். கடைசிச் சீட்டும் இஸ்பேடாக வந்தால் ஜெயம், வராவிட்டால் தோல்வி என்று வைத்துக்கொள்வோம். அவன் பார்த்த சீட்டு 6, பார்க்காதது 46. அதில் இஸ்பேட் 9. நடுவில் 100 ரூபாய் இருக்கின்றது. எதிராளி 50 ரூபாய் வைக்கின்றான். இவனும் 50 வைத்தால் ஜெயிக்கக்கூடியது 150. இப்படி 46 தடவை நடந்தால், சராசரியாக 9 தடவை 150 வீதம் 1,350 ரூபாய் வரும். 37 தடவை 50 வீதம் 1,850 ரூபாய் போகும். நஷ்டம் 500. எதிராளி 20 ரூபாய் மாத்திரம் வைத்திருந்தாலோ, 1,080 வரும், 740 போகும், லாபம் 340. சீட்டு ஒன்றே, ஆள் ஒருவனே. கேட்ட விலை வேறு, அவ்வளவுதான். இந்த இடத்தில் ராகுகாலத்துக்கும் ஜாதகத்துக்கும் என்ன வேலை இருக்கின்றது என்று கேட்கின்றோம்.

இரண்டு ஏஸ் சேர்ந்து கையில் வருவது சராசரி 221 தடவைக்கு ஒரு தடவை. அப்படி வந்தும், இரண்டு ராஜா வைத்திருப்பவனிடம் 100க்கு சுமார் 18 தடவை தோற்கவேண்டியதுதான். தோற்றவன் "எனக்கு நேரம் சரியில்லை" என்கின்றான். மூன்று தடவை தோற்றால் "இனி வந்தே தீரும்" என்கின்றான். சீட்டுக்கட்டுக்கு ஞாபகசக்தி கிடையாது. முன் ஆட்டத்தில் யார் அழுதார்கள் என்பது அதற்குத் தெரியாது.

2017ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில், கார்னகி மெலன் சர்வகலாசாலையார் செய்த "லிப்ரேட்டஸ்" என்னும் யந்திரம், இதையே தொழிலாகக் கொண்ட கெட்டிக்காரர் நால்வரோடு 1,20,000 ஆட்டம் ஆடி ஜெயித்தது. அது எவர் முகத்தையும் பார்த்ததில்லை, எந்தச் சாமியையும் கும்பிட்டதில்லை. தன்னோடு தானே ஆடி ஆடிக் கற்றுக்கொண்டது. பொய்ப்பந்தயம் கட்டி எதிராளியை மிரட்டுவதைக்கூட அது கணக்காகவே செய்தது.

இது நிற்க. ஆட்டம் திறமையைச் சேர்ந்தது என்று நாம் ஒப்புக்கொண்டவுடன் கம்பெனிக்காரர்கள் கைதட்டுவார்கள். அவர்கள் கோர்ட்டுகளில் சொல்லிவந்ததும் அதுதான். 2022ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் போக்கரையும் ரம்மியையும் தடுத்தபோது, இவை திறமை ஆட்டங்கள் என்று 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிற்று. பிறகு 2025 ஆகஸ்டில் இந்தியப் பாராளுமன்றம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் கட்டி இணையத்தில் ஆடுவது கூடாதென்று சட்டம் செய்தது. சட்டம் எப்படியானாலும், திறமை என்ற வார்த்தை யாருக்கு அனுகூலம் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டுகின்றோம். அதிர்ஷ்ட ஆட்டமானால் தெரியாதவனும் சில நாள் தப்பிப் பிழைப்பான். திறமை ஆட்டமானால் தெரியாதவன் பணம் தெரிந்தவனிடம் போய்ச் சேருவது நிச்சயமாகிறது. "இது திறமை ஆட்டம்" என்று புதிதாய் வருகிறவனிடம் சொல்லுவது, "நீ தோற்பது உறுதி" என்று சொல்லுவதேயாகும். அதைக் கேட்டு அவன் சந்தோஷப்படுகின்றான் என்பதுதான் வேடிக்கை!

அன்றியும், ஆடுகிறவர்கள் ஒருவரை ஒருவர் தின்னும்போது ஆடாதவன் ஒருவன் கொழுக்கின்றான். ஒரு பேச்சுக்கு, பத்துப்பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் கொண்டுவந்து உட்கார்ந்தார்கள் என்றும், ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சேர்வதில் 100க்கு 5 தரகு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணமே சுற்றிச்சுற்றி மொத்தம் 40,000 ரூபாய்க்கு ஆட்டம் நடந்தால் தரகு 2,000. பத்தாயிரம் எட்டாயிரமாய்விட்டது. யார் செத்தாலும் புரோகிதருக்குத் தட்சிணை தப்பாததுபோல், யார் தோற்றாலும் கம்பெனிக்குத் தரகு தப்பாது.

இந்த ரொக்க ஆட்டத்திலாவது கையிலிருக்கும் வில்லைக்கு எழுதிய விலை உண்டு; வேண்டாமென்றால் எழுந்துபோகலாம். போட்டி ஆட்டமோ வேறு கணக்கு. நுழைவுப்பணம் கட்டினால் வில்லை கொடுப்பார்கள், அது காசாகாது. கட்டாயப்பந்தயம் நேரத்துக்கு நேரம் ஏறிக்கொண்டே போவதால் நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பவனும் கரைந்துபோவான். கடைசிவரை தாக்குப்பிடித்த சிலருக்கே பரிசு. எல்லா வில்லையையும் சேர்த்தவனுக்கும் பரிசுப்பணம் முழுவதும் கிடைப்பதில்லை. ஆகவே வில்லை இரட்டித்தால் அதன் மதிப்பு இரட்டிப்பதில்லை. இழக்கும் வில்லை, சேர்க்கும் வில்லையைவிட விலையுள்ளது. ரொக்க ஆட்டத்தில் கற்ற துணிச்சலை இங்கே கொண்டுவந்து கெட்டவர்கள் அநேகர்.

போட்டி ஆட்டத்துக்கு ஜனங்களை இழுத்த கதை ஒன்று உண்டு. 2003ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் டென்னசி மாகாணத்துக் கணக்கர் ஒருவர், இணையத்தில் 86 டாலர் கட்டி ஒரு சிறு போட்டியில் ஜெயித்து, அதன் வழியாக லாஸ் வேகாஸ் நகரத்து உலகப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் வென்றார். அவர் பெயர் கிரிஸ் மணிமேக்கர். "பணம் பண்ணுகிறவர்" என்று பொருள்படும் குடும்பப்பெயர். நம் நாட்டில் இருந்திருந்தால் பெயர்ராசி ஜோசியர்கள் இதைக்கொண்டே ஒரு தலைமுறைக்குப் பிழைத்திருப்பார்கள்! அந்த வருஷம் ஆடியவர் 839 பேர். 2006இல் 8,773 பேர். முதற்பரிசு பெறாத 838 பேருடைய படத்தை எவரும் விளம்பரத்தில் போடவில்லை.

திரைக்குப் பின்னால் நடப்பதையும் பார்ப்போம். 2007இல் "அப்சல்யூட் போக்கர்" கம்பெனியில் எதிராளிகளின் மறைவுச்சீட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு கணக்கிலிருந்து ஆடியது வெளிப்பட்டது. சாபம் கொடுத்தோ சத்தியம் வாங்கியோ இதைக் கண்டுபிடிக்கவில்லை. ஆட்டப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் பரிசீலித்து, இவ்வளவு ஜெயம் மனிதனால் ஆகாது என்று ஆட்டக்காரர்களே கணக்குப்போட்டுக் காட்டினார்கள். 2011 ஏப்ரல் 15ந் தேதி அமெரிக்க சர்க்கார் மூன்று பெரிய கம்பெனிகள்மேல் நடவடிக்கை எடுத்தார்கள். அவற்றில் "புல் டில்ட்" கம்பெனி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கவேண்டியது சுமார் 39 கோடி டாலர் என்றும், பாங்கியில் இருந்தது சுமார் 6 கோடியே என்றும் சர்க்கார் தரப்பில் சொல்லப்பட்டது. நன்றாய் ஆடி ஜெயித்தவன் பணமும் அதற்குள்தான் அகப்பட்டுக்கொண்டது.

இவ்வளவுக்கும் பிறகு, கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமென்கிற வாலிபர்களை நாம் தடுக்கவில்லை. நிச்சயமில்லாத விஷயத்தில் எண்ணிப்பார்த்து முடிவுசெய்யும் பழக்கம் விதை வாங்குகிறவனுக்கும் கடை வைக்கிறவனுக்கும் கூடத் தேவையானதே. அதற்குக் கம்பெனியும் வேண்டாம், காசும் வேண்டாம். நாலு பேர், ஒரு சீட்டுக்கட்டு, அரைப்படி புளியங்கொட்டை, ஒரு நோட்டுப்புத்தகம் போதும். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் எத்தனை கொட்டை இருந்தது, எத்தனை கேட்டார்கள், நமக்கு உதவக்கூடிய சீட்டு எத்தனை மீதியிருந்தது என்று எழுதிக்கொள்ளவேண்டும். ஜெயித்த ஆட்டத்தையும் எழுதவேண்டும். தப்பாக ஆடி ஜெயித்தவைதான் அதில் அதிகம் கிடைக்கும். பத்துநாள் கழித்து நோட்டைப் பிரித்து, எந்தெந்த இடத்தில் கணக்குக்கு மேல் கொட்டை வைத்தோம் என்று குறியிட்டுக்கொண்டு, மறுபடியும் ஆளுக்கு ஐம்பது கொட்டை எண்ணிக்கொடுத்து ஆரம்பிக்கலாம்.