கவுன்சிலர் பூலே

கவுன்சிலர் என்றால் குடிநீர்க் குழாய், சாக்கடை, தெருவிளக்கு, காண்ட்ராக்ட் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். ஜோதிராவ் பூலே என்றால் பெண் கல்வியும் சாதி எதிர்ப்பும் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பூலே கவுன்சிலராகவும் இருந்தார் என்பது பலருக்கும் தெரியாது!

1848-ல் புனேயில் பெண்களுக்காகப் பள்ளி தொடங்கியபோது அவருக்கு வயது 21. மனைவி சாவித்ரிபாய்க்கு எழுத்தறிவித்து, அவரையே ஆசிரியை ஆக்கினார். பள்ளிக்குப் போகும் வழியில் சாவித்ரிபாய் மீது சாணி எறிந்தார்கள். ஊராரின் எதிர்ப்புக்குப் பயந்த அப்பா, இருவரையும் வீட்டைவிட்டு வெளியே போகச் சொல்லிவிட்டார். ஆனாலும் பள்ளி நிற்கவில்லை.

1876-ல் புனே நகராட்சி உறுப்பினராக நியமிக்கப்பட்டார். (தேர்தலில் ஜெயித்து வந்தவர் அல்ல, அரசு நியமனம்தான்.) கட்டுமான காண்ட்ராக்ட் தொழிலும் செய்தவர் என்பதால் பொதுப்பணம் எப்படிச் செலவாகிறது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

1880-ல் வைஸ்ராய் லிட்டன் புனேக்கு வருகிறார். ஊரை அலங்கரித்து வரவேற்க 1000 ரூபாய் ஒதுக்க நகராட்சியில் தீர்மானம். தக்காணத்துப் பஞ்சம் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அந்தப் பணத்தை ஏழைகளின் கல்விக்குச் செலவிடலாம் என்றார் பூலே. எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு, அவருடையது மட்டும்! அரசாங்கம் நியமித்த உறுப்பினர் அரசாங்கத்தின் விருந்தாளிக்கு எதிராக ஓட்டுப் போடுவது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமா?

பெரிய செலவில் மார்க்கெட் கட்டும் திட்டத்தையும் இதே காரணம் சொல்லி எதிர்த்தார். அதிலும் தோல்விதான். 1886-ல் மார்க்கெட் திறக்கப்பட்டது.

"மார்க்கெட்டும் மக்களுக்குத்தானே, அதை ஏன் எதிர்க்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. காய்கறி விற்பவர்களுக்கும் கூரை வேண்டும்தான். ஆனால் பணம் குறைவாக இருக்கும்போது எது முதலில், எது பிறகு என்பதுதான் நிர்வாகம். கட்டிடம் கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். ஒரு குழந்தை எழுத்துக் கற்றதற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை. அதனாலேயே பள்ளிக்கூடம் எப்போதும் வரிசையின் கடைசியில் நிற்கிறது. பூலே அதை முன்னால் கொண்டுவரப் பார்த்தார்.

1882-ல் ஹண்டர் கமிஷனிடமும் இதையே சொன்னார். வரி கட்டுவது உழவர்கள், படிப்பின் பலன் மேல்சாதியினருக்கா என்று கேட்டார். 12 வயது வரையாவது தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னார். நாடு முழுவதற்குமான கட்டாயக் கல்விச் சட்டம் அமலுக்கு வந்ததோ 2010-ல்தான். 128 வருடங்கள்!

ஒரு வேடிக்கை. அவர் எதிர்த்த அந்த மார்க்கெட்டுக்கு இன்றைய பெயர் மகாத்மா பூலே மண்டை. (மராத்தியில் மண்டை என்றால் காய்கறிச் சந்தை.) பெயர் வைப்பது சுலபம். உங்கள் வார்டு கவுன்சிலர் கடைசியாக ஒரு மாநகராட்சிப் பள்ளிக்குள் எப்போது போனார் என்று கேட்டுப் பாருங்களேன்!