பசையா? நூலா?
(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் கருத்துரை)

‘பதறாத காரியம் சிதறாது’ என்பது நம் முன்னோர் வாக்கு. பஞ்சுப் போர்வை தைக்கும் கலைக்கு இது மிகவும் பொருந்தும். மேலே துண்டுத் துணிகளை இணைத்த மேல்துணி, நடுவே பஞ்சு, கீழே அடித்துணி என அதில் மூன்று அடுக்குகள் உண்டு. ஓர் அடுக்கு நழுவினாலும் போர்வை சுருங்கிக் கோணலாகிவிடும். ஆகவே நிலையான தையல் போடுமுன் மூன்றையும் தற்காலிகமாகப் பிணைத்துக்கொள்வர். இதைத்தான் தையல் வகுப்பில் ‘டாக்கிங்’ என்றும், இழையோட்டுதல் என்றும் நாம் கற்கிறோம். இதுகாறும் நூல் செய்து வந்த இந்தப் பணிக்கு இன்று டப்பாவில் அடைத்த ஸ்பிரே பசை வந்துள்ளது. அது நம் வீடுகளுக்கு ஏற்றதுதானா என்பது பற்றி என் எண்ணத்தைத் தோழியரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் பசையின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். நூலால் பிணைப்பதென்றால் போர்வையைத் தரையில் விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி, நான்கு விரல் இடைவெளியில் வரிசை வரிசையாக நீளத் தையல் ஓட்ட வேண்டும். பெரிய கட்டில் போர்வை என்றால் பல மணி நேரம் குனிந்தே இருக்க வேண்டும். பின்னர் அந்த இழைகளையெல்லாம் பிரித்தெடுக்கவும் வேண்டும். பசையோ சில நிமிட வேலை. ஓரடி தூரத்திலிருந்து பஞ்சின்மேல் மெல்லியதாகத் தெளித்து, துணியைப் பரப்பி, நடுவிலிருந்து நீவிவிட்டால் போதும். கோணலானால் எடுத்து மறுபடியும் ஒட்டலாம். இவ்வேலைக்கென்றே செய்யப்பட்ட பசை, துவைத்தால் போய்விடும். முழங்கால் வலியால் தரையில் அமர முடியாத பாட்டிமாருக்கு இது பேருதவி அன்றோ?

‘நம் பாட்டிமார் நூலால்தான் செய்தார்கள், நாமும் அப்படியே செய்ய வேண்டும்’ என்று வாதிடுவோர் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. அவர்களிடம் நூல் மட்டுமே இருந்தது, ஆகவே நூலால் செய்தார்கள். வலியைச் சகிப்பதால் மட்டும் தையல் உயர்ந்துவிடாது. என் கவலை வேறு.

அந்த டப்பாவுக்குள் பசை மட்டும் இல்லை. பசையை வெளியே தள்ள ஒரு வாயுவும், அதைக் கரைத்து வைக்க ஒரு திரவமும் உள்ளன. முற்காலத்தில் ஸ்பிரே டப்பாக்களில் குளோரோஃப்ளோரோ கார்பன் என்னும் வாயுவை அடைத்தனர். அது ஓசோன் படலத்தை அரிப்பதைக் கண்டு, 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின் மூலம் உலக நாடுகள் அதைக் கைவிட முனைந்தன. இன்று பெரும்பாலான டப்பாக்களில் அதன் இடத்தில் இருப்பவை புரொப்பேன், பியூட்டேன் போன்ற வாயுக்கள். நம் அடுப்புக்கு வரும் சிலிண்டரில் இருப்பவையும் இவைதாம்! வானத்து ஓசோனுக்குத் தீங்கு நீங்கியது. ஆனால் தீப்பிடிக்கும் பொருள் வீட்டுக்குள் வந்தது.

இவ்வாயுக்கள் காற்றைவிடக் கனமானவை. அவை மேலே போகாமல் தரையோடு படியும். நாம் போர்வையை விரிப்பதும் தரையில்தான். யானைக்கவுனியிலும் சௌகார்பேட்டையிலும் இராயபுரத்திலும் உள்ள சந்துகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். சமையல், படுக்கை, படிப்பு, செபம் யாவும் ஒரே அறையில் நடக்கும் வீடுகள் எத்தனை! சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்திச் சுருள் புகைந்துகொண்டிருக்கும். மாதா படத்தின் முன் மெழுகுதிரி எரியும். நாலடி தள்ளி அடுப்பு. இத்தகைய அறையில் டப்பாவை அழுத்துவது விளையாட்டல்ல. மேலும், 50 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வைக்கலாகாது என்று அந்த டப்பாக்களிலேயே எச்சரிக்கை அச்சாகியிருக்கும். அக்கினி நட்சத்திரத்து வெயிலில் தகரக் கூரையின் கீழ், அடுப்பருகே உள்ள அலமாரியில் அதை எப்படி நம்பி வைப்பது?

அடுத்து மூச்சு. 1960களில் ஜப்பானில் வீட்டிலேயே அமர்ந்து செருப்புகளுக்குப் பசை ஒட்டிப் பிழைத்தவர்கள் பலருக்குக் கைகால்கள் மரத்து, வலுவிழந்து போயின. பசையில் கலந்திருந்த ஹெக்சேன் என்னும் கரைப்பான், காற்றோட்டமில்லாத அறையில் நாள்தோறும் மூச்சில் கலந்து நரம்புகளைக் கெடுத்ததே காரணம் என்று மருத்துவர்கள் கண்டறிந்தனர். நமக்கு அருகிலுள்ள பெரியமேடு தோல் வணிகத்துக்குப் பேர் பெற்ற இடம். செருப்பு ஒட்டும் ‘சொல்யூஷன்’ வாசனை நமக்குப் புதிதன்று. எல்லா ஸ்பிரே பசையிலும் ஹெக்சேன் உண்டு என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒரு போர்வை தைப்பவருக்கும், தினம் தைப்பவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. ஆனால் துண்டுக் கூலிக்கு வீட்டிலேயே தைக்கும் அக்காமாரின் நிலை என்ன? தினமும் தெளிப்பவர் அவர். அதே அறையில் தொட்டிலில் உறங்குவது அவர் குழந்தை. பசையால் வேலை சீக்கிரம் முடிகிறது என்று சொல்லிக் கூலியையும் குறைத்துவிட்டால், மிச்சமான நேரம் யாருக்குச் சேர்ந்தது? மூச்சு மட்டும் அவருடையது, இலாபம் வேறொருவருடையது என்றால் அது நியாயமா?

வேறு வழிகள் இல்லாமலில்லை. கர்நாடக மாநிலத்தின் வட கன்னட மாவட்டத்தில் சித்தி என்னும் மக்கள் வாழ்கின்றனர். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். இவர்களில் கத்தோலிக்கரும் இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு. இவர்கள் வீட்டுப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு ‘கவந்தி’ என்னும் அழகிய போர்வைகள் தைக்கின்றனர். ஓரத்தில் தொடங்கி, துண்டு துண்டாக வைத்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருகின்றனர். துண்டை இணைப்பதும் அடுக்குகளைப் பிணைப்பதும் ஒரே தையலில் நடந்துவிடுகின்றன. தனியாக இழையோட்டவே தேவையில்லை! பசையும் வேண்டாம், பிரிக்க வேண்டிய நூலும் வேண்டாம். எத்தகைய கூர்மதி!

குனிய முடியாதவர்கள் போர்வையை மேசைமேல் விரித்துப் பகுதி பகுதியாக இழையோட்டலாம். உள்ளங்கை அகல இடைவெளியில் ஊக்குகளைக் குத்தியும் பிணைக்கலாம். ஊக்குகளைக் கழற்றி வைத்து ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம்; ஸ்பிரே டப்பாவோ தீர்ந்தால் குப்பை.

ஆகவே என் முடிவு இதுதான். ஸ்பிரே பசையை வெறுக்கவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு வரவேற்கவும் வேண்டாம். அதைப் பயன்படுத்தியே ஆக வேண்டியவர்கள் மொட்டை மாடியிலோ திறந்த தாழ்வாரத்திலோ, அருகில் நெருப்பும் குழந்தைகளும் இல்லாதபோது பயன்படுத்தட்டும். டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்த பிறகே அழுத்தட்டும். வேலை கொடுப்பவர்கள் பசை டப்பாவை மட்டும் கொடுத்தனுப்பாமல், காற்றோட்டமான இடத்தையும் கொடுக்கட்டும். ஒற்றை அறை வீட்டுக்கு நூலும் ஊக்குமே ஏற்றவை.

தோழியரே! தையல் வகுப்பில் ‘டாக்கிங்’ எதற்கு என்று நம்மில் பலர் முணுமுணுப்பதுண்டு. பாதுகாப்பான ஒரு வழி நம் கைவசம் இருந்தால்தான், பாதுகாப்பற்ற ஒன்றை வேண்டாம் என்று துணிந்து சொல்ல முடியும். வீட்டில் எந்தப் பொருள் வரலாம், எது வரக்கூடாது என்று தீர்மானிக்கும் அறிவும் தையற் கலையில் ஒரு பகுதியே. அதைக் கற்போம், நம் அன்னையர்க்கும் எடுத்துச் சொல்வோம்.