கத்தியைக் காணாது காசு கொடாதீர்!

கத்தியைக் காட்டிக் கொள்ளையடிப்பவனை ஊர் அறியும், சட்டமும் அறியும். கத்தியின் படத்தைக் காட்டிக் கொள்ளையடிப்பவனையோ, பணத்தை இழந்தவனே அறியான். முன்னவன் இருளை நாடுகிறான். பின்னவன் பட்டப்பகலிலே, கைபேசியின் வழியாக, நம் வீட்டு நடுக்கூடத்துக்கே வந்துவிடுகிறான். பழங்காலக் கத்திகளை இணையத்தில் வாங்குவதும் விற்பதும் பெருகிவரும் இந்நாளில், இவ்விரண்டாம் வகைக் கள்வனைப் பற்றி நம் மக்களுக்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

கத்தியில் என்ன கலை என்று கேட்போரும் உளர். அவர்கள் கெலிஓயாப் பக்கம் சென்று பார்க்கட்டும். பேராதனைக்கும் கம்பளைக்கும் இடையே புகைவண்டிப் பாதையில் அமைந்த சிற்றூர் அது. எம்பெக்கேயின் செதுக்குமரத் தூண்களும், 14 ஆம் நூற்றாண்டில் எழுந்த கடலாதெனிய, இலங்காதிலகக் கோயில்களும் அதன் அயலிலேயே நிற்கின்றன. மரத்திலும் கல்லிலும் கைவண்ணம் காட்டிய அந்தக் கண்டிச் சீமை, இரும்பையும் விட்டுவைக்கவில்லை. மன்னர் காலத்துப் பட்டறைகளில் பிறந்த கத்திக்குச் சிங்களத்திலே ‘பிஹா கெத்த’ என்று பெயர். கனத்த இரும்பலகு, அதன் அடிப்புறத்தில் வெள்ளியும் பித்தளையும் பதித்த கொடிவேலை, தந்தத்தாலோ கொம்பாலோ கருமரத்தாலோ அமைந்த பிடி, வெள்ளித் தகடு சுற்றிய மர உறை. சில உறைகளிலே கத்தியோடு ஏடெழுதும் எழுத்தாணியும் கூட இருக்கும். பிரதானிகள் இடையிலே செருகிய பெருமைப் பொருள் இது.

இதனைப் பற்றிப் பேசுவது தமிழருக்குப் புறம்பான காரியமும் அன்று. மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றி 1908 இல் பெருநூல் எழுதி, கண்டிக் கைவினைஞரின் தொழில்முறைகளை அழியாது பதிந்து வைத்தவர், சேர் முத்துக் குமாரசுவாமியின் மகன் ஆனந்த குமாரசுவாமியே அன்றோ?

1765 இல் ஒல்லாந்தர் கண்டிக்குப் படையெடுத்து அரண்மனையைச் சூறையாடினர். அவர்கள் கொண்டுசென்ற பீரங்கி ஆம்ஸ்டர்டாம் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்தது. 2023 இல் நெதர்லாந்து அரசு ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. அந்த ஆறனுள் பீரங்கியோடும் வாள்களோடும் ஒரு கத்தியும் இருந்தது! படையெடுத்து வந்தவன் கொண்டுபோனது மீண்டு வர 258 ஆண்டுகள் சென்றன. நாமே பொதிகட்டி அனுப்பிவிடுவது எந்நாளில் மீளும்?

இத்தகைய பொருளுக்கு இலண்டனிலும் பிற நகரங்களிலும் விருப்பத்தோடு விலை கொடுப்போர் இருக்கின்றனர். விலை உண்டானால் வஞ்சகமும் உண்டாகும். கத்தியிலே பொய்ப்பெயர் பொறிப்பது இன்று பிறந்த வித்தையும் அன்று. ஷெஃபீல்டு நகரின் பெயரை ஜெர்மானியக் கத்திகளிலே பொறித்து விற்றனர் என்ற கூக்குரல், பிரித்தானியாவில் 1887 ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டத்துக்கு ஒரு காரணமாயிற்று. அன்று பொய் சொன்னவன் ஒரு கத்தியையாவது கொடுத்தான். இன்றைய வஞ்சகனோ கத்தியே இல்லாமற் கத்தி விற்கிறான்.

எப்படி? பெரிய நூதனசாலைகள் தம் சேமிப்பிலுள்ள பொருட்களின் படங்களை உலகம் காண வெளியிட்டுள்ளன. நியூயோர்க் மெற்றோபொலிற்றன் நூதனசாலை 2017 முதல் பல இலட்சம் படங்களை எவரும் கட்டணமின்றி எடுத்தாள விட்டிருக்கிறது. அறிவுக்காகத் திறந்த அந்தக் கதவு வழியே கள்வனும் நுழைகிறான். படத்தை எடுக்கிறான், ‘பாட்டனார் வைத்திருந்தது, அவசரத் தேவைக்கு விற்கிறேன்’ என்று எழுதுகிறான், விலையைப் பாதியாகக் குறைக்கிறான். ‘வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்; இன்றே முற்பணம் அனுப்பினால் உங்களுக்குத்தான்’ என்கிறான். பணம் போனபின் அவன் எண்ணும் போய்விடும். பதறாத காரியம் சிதறாது என்றனர் முன்னோர். வாங்குபவனைப் பதறவைப்பதே இவன் முழு மூலதனம்.

ஆகவே வாங்குவோர் செய்யவேண்டியவை யாவை? விற்பவன் அனுப்பிய படத்தை இணையத்திலேயே தேடிப் பார்க்கவேண்டும். அது வேறிடத்துப் படமானால் தேடல் பெரும்பாலும் காட்டிக் கொடுத்துவிடும். அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதி, அத்தாளைக் கத்தியின் அருகே வைத்துப் புதிதாகப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்கவேண்டும். கத்தி கையில் உள்ளவனுக்கு இது இரண்டு நிமிட வேலை. இல்லாதவனுக்கு நூறு சாக்கு. அப்படமும் கிடைத்தபின், கூடுமானால் நேரிற் சென்று, வங்கி போன்ற பொது இடத்திலே, விபரம் அறிந்த ஒருவரோடு பொருளைப் பார்க்கவேண்டும். நேரிற் காண இயலாத தூரமானால், பிணக்கு எழுந்தால் பணத்தை மீளக் கோர வழியுள்ள முறையிலேயே செலுத்தவேண்டும். ‘நண்பருக்கு அனுப்புவதுபோல் அனுப்புங்கள்’ என்பவனிடம் பேச்சை அத்துடன் நிறுத்துக!

கத்தி கையில் வந்தபின்னும் கண் வேண்டும். பதித்த வெள்ளி அலகிலே வெட்டிய பள்ளத்துள் அமர்ந்திருக்கிறதா, மேலே ஒட்டியிருக்கிறதா? உள்ளங்கை பட்ட இடத்திலே பிடி தேய்ந்திருக்கிறதா, எங்கும் ஒரே தன்மையாக இருக்கிறதா? துரு காலத்தால் வந்ததா, அமிலத்தால் ஒரே சீராக வரவழைக்கப்பட்டதா? உறையும் அலகும் ஒன்றுக்கொன்று பிறந்தவையா? இவற்றை உருப்பெருக்கும் கண்ணாடி கொண்டு பார்க்கவேண்டும். இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்வோம். கண்டிச் சீமையிலே இன்றும் பழைய பாணியில் கைவினை செய்து பிழைப்போர் உள்ளனர். புதியதைப் புதியதென்று விற்பவன் தொழிலாளி. அவனுக்கு நியாயவிலை கொடுப்பது நம் கடமை. புதியதைப் பழையதென்று விற்பவனே வஞ்சகன்.

விற்போர் மட்டும் தப்பினரா? இல்லை. வீட்டுப் பரணிலே தந்தப் பிடிக் கத்தி ஒன்றை வைத்திருக்கும் கமக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். இணையத்தில் படம் போட்ட சிறிது நேரத்திலே ஒருவன் பேரம் பேசாது ஒப்புக்கொள்கிறான். வங்கியிற் பணம் கட்டிய சீட்டின் படத்தையும் அனுப்பிவிடுகிறான். அச்சீட்டைக் கணினியிலே எவரும் வரையலாம். தம் வங்கிக் கணக்கிலே பணம் வந்து சேர்ந்ததைத் தாமே பார்க்குமுன் கத்தியைக் கைவிடலாகாது. மற்றொருவன் கூடுதலாக அனுப்பிவிட்டதாகச் சொல்லி மிச்சத்தைத் திருப்பிக் கேட்பான். வராத பணத்துக்கு மிச்சம் ஏது? இன்னொருவன், பணம் அனுப்புவதற்காகவென்று, கைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்பான். பணம் பெறுவதற்குக் கணக்கிலக்கம் போதும். இரகசிய இலக்கம் வேண்டுவது பணத்தை எடுப்பதற்கே! இவ்வொன்றை மட்டுமேனும் வீட்டிலுள்ள முதியோருக்கும் இளையோருக்கும் இன்றே சொல்லிவைக்க வேண்டுகிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டம் ஒன்று உண்டு. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆந் தேதிக்கு முற்பட்ட ஆயுதங்களையும் தொல்பொருளாக எண்ணுகிறது. கண்டி இராச்சியம் முடிவுற்ற நாள் அது. தொல்பொருளை அனுமதிப்பத்திரமின்றி நாட்டைவிட்டு அனுப்புதல் குற்றம். பண்பாட்டு ஆதனங்களை வைத்து வியாபாரம் செய்வோருக்கு 1988 ஆம் ஆண்டின் 73 ஆம் இலக்கச் சட்டம் அனுமதிப்பத்திர முறையொன்றை வகுத்தது. தந்தப் பிடியானால் தொல்லை இரட்டிப்பு. ஆசிய யானையின் தந்தத்தைச் சர்வதேச வர்த்தகத்தில் விற்பது 1975 முதல் தடுக்கப்பட்டுளது. பிரித்தானியாவில் 2022 இல் நடைமுறைக்கு வந்த தந்தச் சட்டம், மிகச் சில விலக்குகள் தவிர, பழம்பொருளையும் விடுவதில்லை. ‘சமையற் கத்தி என்று எழுதி அனுப்பிவிடுங்கள்’ என்று வெளிநாட்டிலிருந்து ஒருவன் சொன்னால், அவன் இலாபத்தைத் தனக்கும் வழக்கை உங்களுக்கும் பங்கிடுகிறான் என்று அறிக. வீட்டிலுள்ளது பழம்பொருளோ என்ற ஐயம் எழுந்தால் முதலிற் செல்லவேண்டிய இடம் தொல்பொருளியல் திணைக்களம், முகநூல் அன்று.

ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாய்மூடி இருத்தலே வஞ்சகனுக்குப் பெருந்துணை. பரிமாறிய செய்திகளையும் படங்களையும் அழிக்காது வைத்து, வங்கிக்கு உடனே அறிவித்து, பொலீசில் முறையிடவேண்டும். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், வஞ்சித்தலைத் தண்டிக்கும் பழைய தண்டனைச் சட்டக் கோவையும் கைக்கெட்டும் தூரத்தில் உள. முறைப்பாட்டைத் தமிழிலேயே செய்யும் உரிமையும் உண்டு. 1988 இன் பதினாறாம் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள மாவட்டத்திலும் அரச அலுவலரோடு தமிழிற் கருமமாற்றும் உரிமையைத் தந்தது. கண்டி மாவட்டத்துத் தமிழர் அவ்வுரிமையைக் கேட்டுப் பெறவேண்டும். அலுவலகங்களும் அதனைக் கேளாமலே வழங்கவேண்டும். தோட்டத் தொழிலாளியும் கமக்காரரும் விளங்கும் தமிழிலே எச்சரிக்கைகளை வெளியிடுமாறு அரசை வற்புறுத்துகிறோம். விளங்காத மொழியிலே சொன்ன எச்சரிக்கை எச்சரிக்கையே அன்று.

கற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் வங்கி அலுவலரும் தம் அயலவருக்கு இந்த நெறிகளை எடுத்துச் சொன்னாற் போதும். பாதிக் கள்வர் பிழைப்பிழந்து போவர். கத்தி கையிலும், பணம் கணக்கிலும், எழுத்து தாளிலும் வரும்வரை வியாபாரம் முடியவில்லை என்ற உறுதி ஒவ்வொரு வீட்டிலும் நிலைக்கட்டும். அந்த உறுதி நம் பணத்தைக் காக்கும். பட்டறைக் கைகள் நமக்கு விட்டுச்சென்ற பொருளையும் காக்கும்.