அருங்காட்சியகப் படங்களில் சேரி எங்கே?

2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்ட பிறகு, அருங்காட்சியகம் என்றாலே நம் மக்களுக்குத் திரையும் ஒலியும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே ஒட்டியிருக்கும் பொடி எழுத்தைக் குனிந்து படிப்பவர்கள் குறைவு. இருட்டறையில் உட்காரவைத்து ஏழு நிமிடம் ஓட்டும் படம் என்ன சொல்கிறதோ, பேருந்தில் வந்திறங்கும் பள்ளிப் பிள்ளைக்கு அதுதான் வரலாறு. அந்தப் படங்களை எடுப்பது என் வேலை. எலவனாசூர்கோட்டைக் காலனியில் பிறந்த நான், இன்று ஓர் அருங்காட்சியகத்தின் வீடியோ, ஆடியோ தயாரிப்புக் குழுவுக்குப் பொறுப்பாளன். எந்த அருங்காட்சியகம் என்பது முக்கியமில்லை. நான் சொல்லப்போவது எந்த ஆலோசனைக் குழுவிலும் நடக்கக்கூடியது.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் பற்றி ஒரு படம் செய்தோம். அதில் 22 விநாடிகளை வெட்டச் சொல்கிறார்கள். அந்த 22 விநாடியில் கோபமில்லை, முழக்கமில்லை. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வருவாய்க்காக ஒதுக்கிய ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரியில்லை என்று கல்லில் வெட்டியிருக்கிற பட்டியலைக் குரல் வாசிக்கிறது. ஊர் நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி. அவ்வளவுதான். தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சேறி நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட செய்தி இது. நாங்கள் தோண்டி எடுத்த இரகசியம் எதுவும் இல்லை.

"சேரி என்றால் அந்தக் காலத்தில் குடியிருப்பு என்றுதான் அர்த்தம் தம்பி, பார்ப்பனச்சேரிகூட உண்டு" என்றார் குழுவில் ஒரு பெரியவர். உண்மைதான், அவர் படித்தவர். சேரிக்கு அந்தப் பொருள் உண்டு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். 'தீண்டா' என்பதற்கு என்ன பொருள் சார் என்று கேட்டேன். அதற்கு அவரிடம் அகராதி இல்லை. "பெருமையா முடிக்க வேண்டிய படம், நடுவுல இது எதுக்கு?" என்றார்.

இந்தப் பெருமைக்கு ஒரு தாண்டுதல் தேவைப்படுகிறது. நம் அருங்காட்சியகப் படங்களின் கதை இப்படித்தான் போகும்: 2,600 ஆண்டுகளுக்கு முன் கீழடியில் சாதியில்லை, மதமில்லை, பிறகு கப்பல், முத்து, யானை, கோபுரம், பிறகு ஒரே பாய்ச்சலில் விடுதலைப் போராட்டம். கீழடியில் எனக்கும் பெருமை உண்டு. பானை ஓட்டில் சாதாரண மனிதர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எழுத்து யாருக்குச் சொந்தம் என்று பேசியவர்களின் வாய் அடைபடுகிறது. ஆனால் அன்று சாதி இல்லை என்றால், என்று வந்தது? யார் கொண்டுவந்தார்கள்? யாருக்கு நிலம் போனது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் "அன்று சாதியில்லை" என்பதை மட்டும் முரசறைந்தால், இன்றுள்ள சாதிக்கு யாரும் பொறுப்பில்லை என்றாகிவிடும். கீழடியைத் தஞ்சைக் கல்வெட்டை மூடும் போர்வையாக்குகிறார்கள்.

அருங்காட்சியகத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்துக்கு 1885 முதல் 1908 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். மூக்கின் நீளம், அகலம், தலையின் சுற்றளவு என்று கருவி வைத்து நம் பாட்டன்களை அளந்தவர். மூக்கு அகலத்தை வைத்துச் சாதியின் உயர்வு தாழ்வைப் பேசிய காலம் அது. அந்த அளவுகளும் குறிப்புகளும்தான் 1909இல் 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' என்று ஏழு தொகுதிகளாக வந்தன. அளவுகோலோடு அவரிடம் கேமராவும் இருந்தது, மெழுகு உருளையில் குரலைப் பதியும் போனோகிராஃபும் இருந்தது. உதவிக்கு ரங்காச்சாரி இருந்தார். ஆக, இந்த மண்ணில் அருங்காட்சியக ஒலிப்பதிவு தொடங்கியபோதே நம்மவர்களின் குரல் உள்ளே வந்துவிட்டது, ஆனால் மாதிரிப் பொருளாக. அந்தக் கருவியின் இந்தப் பக்கம் நின்று பொத்தானை அழுத்துகிறவன் யார் என்பதை இடஒதுக்கீடும் இயக்கங்களும்தான் கொஞ்சம் மாற்றின. என் குழுவில் ஆறு பேர், அதில் நான்கு பேர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எடிட்டிங் மேசையில் 'தீண்டாச்சேரி' என்ற சொல்லைப் பார்த்து நின்றது நாங்கள்தான். எங்களுக்கு முன்னால் அதே கல்வெட்டை வைத்துப் படமெடுத்தவர்களின் கண்ணுக்கு அது வரிவிலக்கு. எங்களுக்கு அது முகவரி.

குரல் விஷயம் இன்னும் வேடிக்கை. கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பெண் ஒருவர் அந்தப் பட்டியலை வாசித்தார். ழகரம் சுத்தம், மூச்சு சுத்தம். "கொச்சையாக இருக்கிறது" என்று குறிப்பு வந்தது. எந்தச் சொல் கொச்சை என்று கேட்டால் பதிலில்லை; "தொனி" என்றார்கள். வானொலிச் செய்தி போல ஒலிப்பதுதான் தமிழ் என்று இவர்களுக்கு யார் சொன்னது? ஆனால் பின்னணி இசையைக் கவனியுங்கள். அரசன் வரும்போது பறை, கப்பல் கிளம்பும்போது பறை, படம் முடியும்போது பறை. அதிர்வுக்கு நாம் வேண்டும், அர்த்தத்துக்கு வேண்டாம். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் வயலின் வாசித்தவருக்குப் பெயர் இருக்கும், பறையடித்தவர்களுக்கு 'நாட்டுப்புறக் கலைஞர்கள்' என்று ஒரே வரி. இதை எங்கள் படங்களில் நிறுத்திவிட்டோம். அகழாய்வுக் குழியில் மண் கூடை சுமந்த பெண்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகப் போடுகிறோம். பட்டியல் நீள்கிறது என்று அதற்கும் ஒரு குறிப்பு வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கப்படும் வாதம், "குழந்தைகள் வருகிற இடம், அவர்கள் மனதில் சாதியை விதைக்கலாமா?" என்பது. யாருடைய குழந்தைகள்? பள்ளிகளில் சாதி அடையாளமாகக் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது 2024இல். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து ஒரு மாணவனையும் தங்கையையும் வெட்டியவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள். அவர்கள் எந்த அருங்காட்சியகப் படத்தைப் பார்த்துச் சாதியைக் கற்றுக்கொண்டார்கள்? வீட்டிலும் தெருவிலும் தேர்த்திருவிழாவிலும் கிடைக்கும் அந்தப் பாடத்துக்கு எதிர்ப்பாடம் சொல்ல ஓர் இருட்டறை கிடைத்தால், அங்கேயும் வாயைப் பொத்து என்கிறார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள நிறவெறி அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டிலேயே 'வெள்ளையர்', 'வெள்ளையர் அல்லாதோர்' என்று அச்சடித்துத் தருகிறார்கள். கையில் எது வருகிறதோ அந்த வாசல் வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே, அரசால் தூக்கிலிடப்பட்டவர்களின் நினைவாக 131 தூக்குக் கயிறுகள் தொங்குகின்றன. அங்கேயும் பள்ளிப் பிள்ளைகள் போகிறார்கள்.

என் ஊரிலும் கல்வெட்டுகள் நிறைந்த பழைய சிவன் கோயில் ஒன்று இருக்கிறது. படத்துக்காக டிரோனைப் பறக்கவிட்டோம். கோபுரத்தில் தொடங்கி மெல்ல மேலே ஏற, ஊர், வயல், பிறகு தனியாகக் காலனி, எல்லாம் ஒரே ஷாட்டில் வந்தன. நடுவிலிருக்கும் அந்த இடைவெளியைக் காட்ட வர்ணனையே தேவையில்லை. அந்த ஷாட்டைக் கோபுரத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார் முதலமைச்சர். நல்லது, வரவேற்கிறேன். சொல் போகட்டும். வயலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடுகளைக் கேமரா பார்க்கக்கூடாது என்பதற்கு எந்த அரசாணையும் வரவில்லையே?

22 விநாடியை வெட்டுவது பெரிய வேலையில்லை. இரண்டு இடத்தில் பிளேடு, நடுவில் டிலீட், இசையை இழுத்து ஒட்டினால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் வெட்ட மறுக்கிறேன். வெட்டியே ஆக வேண்டும் என்றால், இன்ன காரணத்துக்காக இந்தக் கல்வெட்டுச் செய்தி நீக்கப்படுகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள், அந்தக் காகிதத்தையும் அருங்காட்சியக ஆவணமாகவே பாதுகாப்போம் என்று குழுவுக்கு எழுதினேன். மூன்று மாதமாகிறது. தொலைபேசியில் தினமும் கேட்கிறார்கள், காகிதம் வரவில்லை.