செவ்வாய்க்குச் சரக்குக் கூலி என்ன?

பாகூரிலிருந்து புதுச்சேரிக்கு நெல் மூட்டை அனுப்பினால், தூரத்தைப் பார்த்து வண்டிக்கூலி சொல்வார்கள். 1977இல் அமெரிக்காவில் வெளியான 'டிராவலர்' போன்ற விளையாட்டுகளில் உலகம் விட்டு உலகம் சரக்கு ஏற்றி வாணிகம் செய்யலாம். அப்படியோர் ஆட்டத்தை நாமே அமைத்தால் கூலியை எப்படிக் கணக்கிடுவது? "அங்கும் தூரம்தான்" என்பீர்கள். நான் ஒப்பமாட்டேன்.

சாலையில் உராய்வு உண்டு. வண்டி ஓட ஓட எரிபொருள் தீரும். விண்வெளியிலோ பெரும்பாலான வழியை எஞ்சினை நிறுத்திவிட்டே கடக்கலாம். வேகத்தை மாற்றும்போதுதான் செலவு. அந்தச் செலவைப் பாருங்கள்! 2013 நவம்பர் 5இல் ஏவப்பட்ட மங்கள்யானின் நிறை 1337 கிலோ. அதில் உந்துபொருள் மட்டும் 852 கிலோ. அறிவியல் கருவிகளோ சுமார் 15 கிலோதான்.

நினைத்த நாளில் புறப்படவும் முடியாது. பூமியும் செவ்வாயும் ஏற்ற நிலைக்கு வர ஏறத்தாழ 26 மாதம் காத்திருக்க வேண்டும். இது நமக்குப் புதிதா என்ன? ரோமானிய வணிகர்களும் பருவக்காற்றுக்குக் காத்திருந்தே கடல் கடந்தார்கள். அவர்கள் நாட்டு மதுச்சாடிகளை நம் அரிக்கமேட்டு அகழாய்வில் கண்டெடுத்திருக்கிறார்கள்.

"இதையெல்லாம் சேர்த்தால் ஆட்டம் சுவைக்காதே, ஐயா!" என்று வில்லியனூர் மாணவர் ஒருவர் வாதிட்டார். சரி, இரண்டே விதிகள் போதும். கிலோ சரக்குக்கு இரண்டு கிலோ உந்துபொருள். 26 மாதத்துக்கு ஒரு பயணம். ஆடிப் பாருங்கள். நெல் ஏற்றியவர் நஷ்டப்படுவார். சிறிய, விலையுயர்ந்த பொருளை ஏற்றியவர் பிழைப்பார். தோற்றவர் "ஏன்?" என்று கேட்பார் அல்லவா? அந்தக் கேள்விக்காகவே விதிகளைத் தளர்த்த வேண்டாம் என்கிறேன்.