உறக்கத்தைக் கெடுக்கும் உல்லாச இரைச்சல்

வண்டிச் சத்தத்தைப் பற்றியா தலையங்கம்? கூலி, போனஸ், குடிமனைப் பட்டா என்று எத்தனையோ பிரச்னைகள் குவிந்து கிடக்கையில் இதுவும் ஒரு விஷயமா? என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இரவு பத்து மணிக்கு ஷிப்டு ஏறி, காலை ஆறு மணிக்கு இறங்கி, பகலில் கண்ணயர முயலும் மில் தொழிலாளியைக் கேளுங்கள். விடியுமுன் வாழைத் தோட்டத்தில் தார் வெட்டப் போகவேண்டிய விவசாயத் தொழிலாளியைக் கேளுங்கள். உழைப்பவனுக்கு மறுநாள் முதலீடு உடம்பு ஒன்றுதான். அந்த உடம்பைத் தேற்றுவது உறக்கம். அதைத் திருடுகிறவன் அவனுடைய கூலியில் கை வைக்கிறான்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவு ஸ்ரீரங்கம். சித்திரை வீதிகளும் உத்தர வீதிகளும் நேர்கோடாக நீண்டவை, மதில்கள் உயரமானவை. இப்படிப்பட்ட தெருவில் சைலென்சரைப் பிடுங்கிவிட்ட காரோ மோட்டார் சைக்கிளோ ஒரு தடவை உறுமினால் சுவருக்குச் சுவர் மோதி எதிரொலிக்கும். தொட்டிலில் கிடக்கும் குழந்தை அலறும்; ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும் நோயாளியின் நெஞ்சு படபடக்கும். ஓட்டுகிறவனுக்கு அரை நிமிஷ உல்லாசம். தெருவுக்கு அரை ராத்திரி போயிற்று.

சைலென்சர் என்பது அலங்காரப் பொருளல்ல. எஞ்சினுக்குள் ஒவ்வொரு முறை எண்ணெய் எரியும்போதும் சூடான வாயு பேரழுத்தத்தோடு வெளியே பாய்கிறது. அதை அப்படியே விட்டால் ஒவ்வொரு பாய்ச்சலும் ஒரு வெடி. சைலென்சருக்குள் இருக்கும் அறைகளும் துளைக் குழாய்களும் அந்த வேகத்தைச் சிதறடித்து, அலையை அலையாலேயே அடக்கி, வாயுவை மெல்ல வெளியே விடுகின்றன. இன்று கடைகளில் விற்கும் 'ஃப்ரீ ஃப்ளோ' குழாய்களில் இந்த அறைகள் இல்லை. சிலவற்றில் முனையில் ஒரு சின்ன அடைப்பு உண்டு; அதற்கு 'டி.பி. கில்லர்' என்று பெயர். சட்டத்தின் கண்ணுக்கு அதை மாட்டுவது, ராத்திரியில் திருகாணியைக் கழற்றி எடுத்துவிடுவது! வசதி படைத்தவர்களின் கார்களில் இன்னொரு வித்தை நடக்கிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கணக்கையே மாற்றி, எரியாத பெட்ரோலைப் புகைக் குழாய்க்குள் தள்ளி, அங்கே பட்டாசுபோல் வெடிக்க வைக்கிறார்கள். பலர் குழாயோடு சேர்த்து நச்சுப் புகையைக் குறைக்கும் கேடலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றி எறிகிறார்கள். ஆகவே காதுக்கு மட்டுமல்ல, நுரையீரலுக்கும் கேடு.

டெசிபல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கல்ல. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு; 20 ஏறினால் நூறு மடங்கு. 2005 ஏப்ரலில் அமலுக்கு வந்த வரம்பின்படி, தயாரிப்புக் கட்டத்தில் ஒன்பது பேருக்கு மேற்படாத கார் 74 டெசிபலையும், 175 சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள் 80 டெசிபலையும் தாண்டக்கூடாது. 74 டெசிபல் கார் ஒன்று 94க்கு ஏறினால், ஒரு காரின் இடத்தில் நூறு கார்கள் சேர்ந்து உறுமியதற்குச் சமம். 'கொஞ்சம்தான் கூடுதல்' என்று மெக்கானிக் சொல்வதை நம்பவேண்டாம்.

சட்டமே இல்லையா என்றால், தாராளமாக இருக்கிறது. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120ஆவது விதி ஒவ்வொரு வண்டிக்கும், டிராக்டர் உட்பட, சைலென்சர் வேண்டும் என்கிறது. கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கிடமின்றி உறுதிப்படுத்தியது. 2019 திருத்தத்துக்குப் பின் 190(2) பிரிவின்படி, ஒலி, புகை வரம்பை மீறி ஓட்டினால் முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். லைசென்சும் மூன்று மாதம் பறிபோகும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்றும், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி நூறு மீட்டருக்குக் குறையாத அமைதி மண்டலத்தில் 50, 40 என்றும் வகுத்திருக்கின்றன.

இரவு என்றால் பத்து மணி முதல் ஆறு மணி வரை என்கிறது அந்த விதி. மூன்றாவது ஷிப்டுக்காரனின் இரவு பகலில் வருகிறது என்பதை விதி எழுதியவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை போலும்!

சட்டம் இருந்தும் சத்தம் ஏன் ஓயவில்லை? வாடகை ஆட்டோ, லாரி, வேன் ஓட்டும் தொழிலாளி எப்.சி.க்காக வண்டியை அதிகாரி முன் நிறுத்தவேண்டும். எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருஷா வருஷம். சொந்தக் கார் வைத்திருப்பவருக்கோ பதினைந்து வருஷம் வரை இந்தத் தொல்லை இல்லை. அவர் எடுக்கவேண்டியது புகைப் பரிசோதனைச் சான்று ஒன்றுதான். அந்தப் பரிசோதனையில் புகையை அளக்கிறார்கள், சத்தத்தை அளப்பதில்லை. குழாய் முனையில் கம்பியைச் செருகுகிற அதே ஆள், அதே நேரத்தில், அது கம்பெனிக் குழாயா என்று குனிந்து பார்க்க எத்தனை நிமிஷம் ஆகும்? பார்க்கச் சொல்லி உத்தரவில்லை.

சாலையிலோ போலீசாருக்குக் காதே மீட்டர். சத்தம் அதிகம் என்று அவருக்குத் தோன்றினால் அபராதம். துருப்பிடித்து ஓட்டை விழுந்த சைலென்சரோடு பழைய மொபெட்டில் வாழைத்தார் ஏற்றி வருகிறவரும், ஆயிரக்கணக்கில் கொட்டி வேண்டுமென்றே குழாய் மாற்றியவரும் அந்தக் காதுக்கு ஒன்றுதான். ஆனால் பத்தாயிரம் ரூபாய் இருவருக்கும் ஒன்றா? 2025-26ஆம் ஆண்டுக்கு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தினக் கூலி ரூ.336. அந்தக் கணக்கில் அது ஏறத்தாழ முப்பது நாள் உழைப்பு. உல்லாசக் காரின் சொந்தக்காரருக்கு ஒரு வேளை விருந்துச் செலவு. பின்லாந்து நாட்டில் கடுமையான வேகக் குற்றங்களுக்கு ஓட்டியவனின் வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள். இங்கே அப்படிக் கேட்டால் அதிகாரிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், நாம் கேட்போம்.

2023 தீபாவளி சமயத்தில் நம் திருச்சி மாவட்ட நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் பட்டாசைக் கட்டி வெடித்துக்கொண்டே முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிய காட்சி நாடெங்கும் பரவியது. கைதுகள் நடந்தன, சில நாள் கெடுபிடியும் நடந்தது. பிறகு? மும்பை, விசாகப்பட்டினம் போன்ற நகரங்களில் பறிமுதல் செய்த சைலென்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலரை ஏற்றி நசுக்கியிருக்கிறார்கள். போட்டோவுக்கு நல்ல காட்சிதான். ஆனால் அந்தக் குழாயை வார்த்தவன், இறக்குமதி செய்தவன், கண்ணாடி அலமாரியில் வைத்து விற்றவன் மேல் ரோலர் ஏறவில்லையே! வாங்கியவனைத் தெருவில் மடக்குவதும் விற்பவனைக் கடையில் வாழவிடுவதும் ஒருநாளும் முடியாத வேலை. 2021 ஜூலையில் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ கிளை, யாரும் வழக்குப் போடாமலே, மாற்றிய சைலென்சர் இரைச்சலைத் தானாக விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. நிர்வாகம் தூங்கினால் நீதிமன்றம் எழுப்பவேண்டியதாகிறது.

நம் வீட்டுப் பிள்ளைகளிடமும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். தவணையில் வண்டி வாங்கி, முதல் மாதச் சம்பளத்தில் குழாய் மாற்றுகிற தம்பிமார் பணக்கார வீடுகளில் மட்டும் இல்லை; லைன் வீடுகளிலும் காலனிகளிலும் இருக்கிறார்கள். வேலையிடத்தில் மேஸ்திரி முன் வாய் திறக்க முடியாதவனுக்குத் தெருவில் உறுமுவது ஒரு மிடுக்காகத் தோன்றுகிறது. அந்த மனநிலை நமக்குப் புரியாததல்ல. தம்பி, அந்தச் சத்தத்தில் விழித்துக்கொள்வது மேஸ்திரி அல்ல, இரவு ஷிப்டு முடித்துப் படுத்திருக்கும் உன் பக்கத்து வீட்டு அண்ணன். பின்னால் வரும் ஆம்புலன்சின் மணியும் உன் காதில் விழாது.

'ஆலைக்குள்ளேயே எங்கள் காது போய்விட்டது, தெருச் சத்தம் எம்மாத்திரம்?' என்று தறிக்கூடத் தோழர்கள் சொல்வதுண்டு. வேதனையான பேச்சு, ஆனால் இரண்டும் ஒரே பிரச்னைதான். தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலுக்கு மேல் கூடாது என்கின்றன. நாடாத் தறிகள் அடிக்கும் கூடத்தில் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையில், டாக்டர் கட்டாயம் தெரிவிக்கவேண்டிய நோயாக இடம்பெற்றிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. தொழிலாளர் நஷ்ட ஈட்டுக்கும் உரிய நோய் அது. அப்படியிருந்தும் காதைப் பரிசோதித்து நஷ்ட ஈடு வாங்கிய தொழிலாளியை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பகலெல்லாம் சைலென்சர் வெட்டி ஒட்டும் மெக்கானிக் ஷாப் பையனுக்கு அதுவும் இல்லை. அவன் பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் கிடையாது.

பாரிஸ் நகரத்தில் நான்கு மைக்குகள் கொண்ட கருவியைக் கம்பத்தில் மாட்டி, எந்த வண்டி கத்தியது என்று கண்டுபிடித்துப் படமெடுக்கச் சோதனை செய்திருக்கிறார்கள். அங்கே அபராதம் 135 யூரோ. அவ்வளவு தூரம் நாம் போகவேண்டியதில்லை. நிற்கும் வண்டியின் சத்தத்தை அளக்க இந்தியத் தரக் கழகத்தின் ஐ.எஸ். 10399 என்ற முறையே இருக்கிறது. வேண்டியது ஒரு மீட்டர், ஒரு வெட்டவெளி, பழக்கப்பட்ட ஒரு ஆள்.

தெருக்காரர்கள் செய்யக்கூடியதும் உண்டு. குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பைவிட 10 டெசிபல் கூடினால் எவரும் புகார் கொடுக்கலாம் என்கிறது 2000ஆம் ஆண்டு விதி. தனியாளாகப் போகாதீர்கள். வண்டி எண், தேதி, நேரம், தெரு இவற்றைக் குறித்து, பத்துக் கையெழுத்தோடு போங்கள். பெற்றுக்கொண்டதற்கு ரசீது கேளுங்கள். குறிப்பு நோட்டு ஒன்று தெருவில் இருந்தால் ஒரே வண்டி எத்தனை முறை வந்தது என்பது தானே தெரிந்துவிடும்.

திருச்சி மாநகரப் போலீசாரையும் ஸ்ரீரங்கம் ஆர்.டி.ஓ. ஆபீசையும் நாம் கேட்பது இவ்வளவுதான். காதால் அபராதம் போடுவதை நிறுத்தி மீட்டரால் போடுங்கள். ஓட்டை விழுந்த சைலென்சர்க்காரருக்கு மாற்றிக்கொள்ள இரண்டு வாரத் தவணை கொடுங்கள்; வேண்டுமென்றே மாற்றியவருக்குத் தவணை வேண்டாம். புகைப் பரிசோதனை நிலையங்களில் குழாயையும் பார்க்கச் சொல்லி சர்க்காருக்கு எழுதுங்கள். குழாய் விற்கும் கடைகளில் இருப்பைக் கணக்கெடுங்கள். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கலெக்டரே தலைவர். இரு ஆபீசுகளிலும் வேலை செய்யும் ஒலி மீட்டர்கள் எத்தனை, சென்ற ஆண்டில் அவை எத்தனை நாள் தெருவுக்கு வந்தன என்பதை அடுத்த கூட்டத்தில் அவர் வெளியிடட்டும்.