ஒரே பக்கேஜை ஆறு பேரும் ஆறு தரம் இறக்க வேணுமா?

போன வருடம் எங்கள் குழுவிலிருந்து ஒரு தங்கச்சி விலகிப் போனா. முல்லைத்தீவுப் பக்கம், முதலாம் வருடம். வன்னிக் குளங்களின் பெயர்களையும், அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஊர்ப் பெரியாக்கள் சொல்லுகிற கதைகளையும் ஒரு வரைபடத்தில் சேர்க்கிற இணையத்தளம் ஒன்றை ஆறு பேராகச் செய்துகொண்டிருந்தோம். முத்தையன்கட்டு, வவுனிக்குளம், தண்ணிமுறிப்பு மாதிரிப் பெரிய குளங்கள் எல்லா வரைபடத்திலும் இருக்கு. வரைபடத்தில் பெயரே இல்லாத சின்னக் குளங்கள் தெரிந்த ஒரே ஆள் அவதான். "நேரமில்லை அக்கா" என்று மட்டும்தான் சொன்னா. நாங்களும் கேட்டுக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், ஆள் கொஞ்சம் பஞ்சிப்படுகிற ஆள் என்று எங்களுக்குள் கதைக்கவும் செய்தோம்.

காரணம் டேட்டா என்று நாலு மாதம் கழித்து வேறொரு பிள்ளை சொல்லித்தான் தெரியும்.

நடந்தது இதுதான். எங்கள் தளத்துக்காக நாங்கள் எழுதிய கோட் கொஞ்சம்தான். அதற்குக் கீழே ரியாக்ட், வரைபடத்துக்கு லீஃப்லெட், அவை கேட்கிற மற்றவை, அந்த மற்றவை கேட்கிற இன்னும் மற்றவை என்று நூற்றுக்கணக்கான பக்கேஜ்கள். எல்லாம் என்பிஎம் ரெஜிஸ்ட்ரியிலிருந்து வரவேண்டும். (எங்கட ஊரில் பக்கேஜ் என்றால் டேட்டா பக்கேஜ். ஒரு பக்கேஜை இறக்க இன்னொரு பக்கேஜ் முடியும்.) அவவின் லப்டொப்பில் ஏதும் பிழை வந்தால் குழுவில் நாங்கள் சொன்ன மருந்து எப்பவும் ஒன்றுதான்: "நோட் மொடியூல்ஸ் ஃபோல்டரை அழிச்சு, கேஷையும் கிளீன் பண்ணிட்டு, திருப்பி இன்ஸ்டோல் பண்ணும்." இந்த மருந்தை வட்ஸ்அப்பில் எழுத ஐந்து செக்கன் போதும். அவவுக்கோ ஒவ்வொரு தரமும் நூறு எம்பிக்கு மேல் போகும். நைட் டேட்டா தொடங்கும் வரை போடிங் அறையில் முழித்திருந்து, பன்னிரண்டு மணிக்குப் பிறகு இறக்கியிருக்கிறா. காலையில் விரிவுரை. அடுத்த கிழமை இன்னொரு பிழை. திரும்பவும் அதே மருந்து. ரீலோட் போடுகிற காசுக்கு ஆரிட்டைக் கேட்கிறது?

அந்தக் கேஷைக் கிளீன் பண்ணச் சொன்னதில் நானும் ஒரு ஆள். நான் கலைப்பீடம். அந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது, மற்றவர்கள் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். உங்கள் கொம்பியூட்டரில் ஒருதரம் இறக்கிய பக்கேஜின் பிரதி ஒன்றை என்பிஎம் தானே ஒரு பக்கம் சேர்த்து வைக்கிறது. இரண்டாம் தரம் கேட்டால் அங்கிருந்துதான் எடுக்கும். அந்தச் சேமிப்பைத்தான் நாங்கள் அவவை அழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இதற்கு ஒரு தீர்வு பல வருடமாக இருக்கிறது. அது பெரிய கொம்பனிகளுக்குரிய விசயம் என்று எங்களில் பலர் நினைத்துக்கொண்டிருப்பதுதான் என் முறைப்பாடு. குழுவுக்குப் பொதுவாக ஒரு ப்ரொக்சி வைப்பது. ஒரு கொம்பியூட்டர் நடுவில் நிற்கும். எல்லாருடைய லப்டொப்பும் என்பிஎம்மிடம் நேரே போகாமல் அதனிடம் கேட்கும். அதனிடம் இருந்தால் அறைக்குள்ளேயே வைஃபையில் தந்துவிடும், வெளி டேட்டா செலவில்லை. இல்லாவிட்டால் வெளியே போய் ஒருதரம் எடுத்து, தன்னிடமும் ஒன்றை வைத்துக்கொண்டு, கேட்டவருக்கும் கொடுக்கும். அடுத்த ஐந்து பேருக்கும் அது வீட்டுச் சாமான்.

ஜாவா எழுதுகிற கொம்பனிகள் நெக்சஸ், ஆர்ட்டிஃபக்டரி என்று கொஞ்சம் பாரமானவற்றை வைத்திருப்பார்கள். பைத்தனுக்கு டெவ்பை இருக்கிறது. உபுண்டு, டெபியன் அப்டேட்டுகளுக்கு ஏப்ட்-கேச்சர்-என்ஜி. நாங்கள் போட்டது வெர்டாச்சியோ. இலவசம், சின்னது, என்பிஎம்முக்கு. ஸ்கிரீன் உடைந்து ஒருவரும் தொடாமல் கிடந்த பழைய லப்டொப் ஒன்றைக் கொக்குவிலில் நாங்கள் கூடுகிற அறையில் மேசைக்குக் கீழே வைத்தோம். கரண்ட் போனாலும் பற்றரி அரை மணித்தியாலம் தாங்கும் என்பது ஸ்கிரீன் உடைந்த லப்டொப்பின் தனிச் சிறப்பு.

"உமக்கென்னத்துக்கு உந்த வேலை? ஐடி பெடியள் பார்ப்பாங்கள்தானே" என்று எங்கள் குழுவிலேயே ஒருவர் கேட்டார். ஐடி பெடியள் வீட்டில் ஃபைபர் இருந்தது. அதனால்தான் அவர்கள் கண்ணுக்கு இது பிரச்சினையாகத் தெரியவே இல்லை. நான் தொழில்நுட்பம் படித்தவள் இல்லை, ஆனால் ஒரு குழுவில் செலவு ஆருடைய தலையில் போய் விழுகிறது என்று பார்க்கக் கலைப்பீடம் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது. பொதுவில் செய்யக்கூடிய ஒரு செலவை ஆளுக்காள் தனித்தனியே செய்யவிட்டால், கையில் குறைவாக இருக்கிறவர்தான் முதலில் சத்தமில்லாமல் வெளியேறுவார். டேட்டா பிரச்சினை என்று சொல்ல அவவுக்கு வெட்கமாக இருந்திருக்கும். எங்களுக்குத்தான் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும்.

டேட்டா இன்னும் மலியும், அப்போது இதற்கெல்லாம் தேவை இருக்காது என்று சொல்பவர்களுக்கு இரண்டு விசயம் சொல்ல வேண்டும்.

2016 மார்ச் மாதம் அசெர் கோச்சுலு என்ற நிரலாளர் என்பிஎம்மில் இருந்த தன்னுடைய பக்கேஜ்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுத்துவிட்டார். இருநூற்று எழுபதுக்கு மேல். கிக் என்ற பெயருடைய அவருடைய பக்கேஜ் ஒன்றின் பெயரை, அதே பெயருள்ள கொம்பனி கேட்டது; அவர் மறுத்தார்; என்பிஎம் கொம்பனியின் பக்கம் நின்று பெயரைக் கொடுத்தது. அந்தக் கோபம். எடுத்தவற்றில் லெஃப்ட்-பாட் என்ற ஒன்றும் இருந்தது. ஒரு சொல்லின் இடது பக்கத்தில் வெற்றிடமோ வேறு எழுத்தோ சேர்ப்பதுதான் அதன் முழு வேலையும். 11 வரி. அந்த 11 வரியில் தங்கியிருந்தவற்றில் தங்கி, அவற்றில் தங்கி என்று பேபல் வரைக்கும் உலகம் முழுக்க பில்டுகள் நின்றுபோயின. இரண்டு மணித்தியாலமளவில் என்பிஎம் அதைத் திருப்பிப் போட்டது. பிறகு நினைத்தபடி பக்கேஜை எடுக்க முடியாதபடி விதியையும் இறுக்கியது. கோச்சுலுவின் கோபம் நியாயமானது என்றுதான் எனக்குப் படுகிறது, அது வேறு கதை. ஆனால் அந்த இரண்டு மணித்தியாலமும், தங்கள் ப்ரொக்சியில் லெஃப்ட்-பாட்டின் பிரதி ஏற்கெனவே இருந்த குழுக்களுக்கு வேலையை நிறுத்தத் தேவை இருக்கவில்லை.

இரண்டாவது, எடுக்கிற உரிமையும் அளவும் எங்கள் கையில் இல்லை. 2020 நவம்பரில் டொக்கர் ஹப் ஒரு எல்லை போட்டது: கணக்கில்லாமல் எடுப்பவர்களுக்கு ஆறு மணித்தியாலத்துக்கு 100 தரம். அதை ஐபி முகவரியை வைத்து எண்ணுவார்கள். ஒரே இணைப்பில் இருக்கிற முழு ஒஃபிசும், முழு விடுதியும் அவர்கள் கணக்கில் ஒரு ஆள். அதே வருடம் என்பிஎம்மை கிட்ஹப் வாங்கியது, கிட்ஹப் மைக்ரோசொஃப்ட்டுக்குச் சொந்தம். நல்லபடியாகத்தான் நடத்துகிறார்கள். ஆனாலும் 2022 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பிப் பார்த்தபோது ஃபேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டிருந்த நாட்டில் இருந்துகொண்டு, வெளியே உள்ளது எப்பவும் வெளியே இருக்கும் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம்தான். (யாழ் நூலகத்தை இங்கே இழுக்கப் போவதில்லை. எல்லாவற்றுக்கும் அதை இழுக்கிற பழக்கம் எங்களுக்கு இருக்கு.)

சரி, போட்டால் எல்லாம் சுகமா? இல்லை. நாங்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் அந்த லப்டொப்பில் வேலை செய்தது, வேறொருவருக்கும் வேலை செய்யவில்லை. வெர்டாச்சியோ தொடக்கத்தில் தன்னுடைய கொம்பியூட்டருக்குள்ளிருந்து வருகிற கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். கொன்ஃபிக் பைலில் அதைத் திறந்துவிட வேண்டும். இதற்கே ஒரு பின்னேரம் போனது.

அடுத்தது லொக் பைல். எந்தப் பக்கேஜ், எந்த வேர்சன், எங்கேயிருந்து வந்தது என்று எழுதி வைக்கிற பைல் அது. எங்கள் ப்ரொக்சியிலிருந்து வந்ததால் 192.168 என்று தொடங்குகிற எங்கள் அறை முகவரியை அது எழுதிக்கொண்டது. அதைக் கவனிக்காமல் கிட்டில் ஏற்றிவிட்டோம். தளத்தைக் கட்டுகிற வெளிநாட்டு சேர்வர், கொக்குவில் மேசைக்குக் கீழே இருக்கிற லப்டொப்பைத் தேடித் தேடிக் களைத்து விழுந்தது. இப்போது ஏற்ற முதல் லொக் பைலில் அந்த முகவரியைத் தேடிப் பார்த்து, இருந்தால் என்பிஎம் முகவரியாக மாற்றிவிட்டுத்தான் ஏற்றுகிறோம்.

மூன்றாவது, எல்லாம் ப்ரொக்சி வழியாக வருவதில்லை. வரைபடத்தை அச்சுக்குப் படமாக எடுக்க பப்பெட்டியர் என்ற பக்கேஜ் வைத்திருந்தோம். பக்கேஜ் சின்னது, ஆனால் இன்ஸ்டோல் ஆகும்போது அது ஒரு முழு குரோம் பிரவுசரையே வேறோர் இடத்திலிருந்து இறக்கும். எங்கள் டேட்டாவில் பெரும்பங்கை அதுதான் தின்றிருக்கிறது. ப்ரொக்சியால் அதைப் பிடிக்க முடியவில்லை. கடைசியில் பப்பெட்டியரையே தூக்கிவிட்டோம். படம் வேண்டுமென்றால் ஒருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் போதாதா?

"ஒராள் இறக்கிப் பென் டிரைவில் குடுத்தால் முடிஞ்சுதே" என்று கேட்கலாம். அதையும் செய்து பார்த்தோம். நோட் மொடியூல்ஸ் ஃபோல்டருக்குள் பத்தாயிரக்கணக்கான குட்டிப் பைல்கள், கொப்பி பண்ணி முடிய ஒரு சாப்பாட்டு நேரம் எடுக்கும். முடிந்தாலும் லினக்ஸில் இறக்கியது விண்டோஸில் ஓடாது. சில பக்கேஜ்களுக்கு ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் வேறு வேறு பைல். ப்ரொக்சியின் சேமிப்பு ஃபோல்டர் அப்படியில்லை. ஒவ்வொரு பக்கேஜும் சுருக்கிய ஒரு பைலாக இருக்கும். அதைப் பென் டிரைவில் எடுத்துப் போய், ஊரில் தன்னுடைய லப்டொப்பிலேயே வெர்டாச்சியோவை ஓடவிட்டால், அங்கே டேட்டா இல்லாமலே இன்ஸ்டோல் ஆகும். விண்டோஸ் பைலை ஆரும் ஒருதரம் இறக்கி வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. லீவுக்கு ஊருக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதுதான் உண்மையான உதவி. அறைக்குள் இருக்கிற ப்ரொக்சி அறைக்குள் வருகிறவர்களுக்குத்தான்.

நம்பிக்கை பற்றியும் ஒரு சொல். நடுவில் ஒரு பெட்டியை வைத்தால் அதற்குள் ஆரும் கை வைத்தால் என்ன செய்வது என்று கேட்ட தம்பி சரியாகத்தான் கேட்டார். லொக் பைலில் ஒவ்வொரு பக்கேஜுக்கும் ஒரு கைரேகை மாதிரி எழுத்துக்கோவை இருக்கும். வந்த பைல் அதோடு பொருந்தாவிட்டால் என்பிஎம் நிறுத்திவிடும். ஆகவே லொக் பைலைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தால் அந்தப் பயம் குறையும். சேமித்ததை வைத்தே காலத்தை ஓட்டுகிற ஆபத்து வேறு. 2022 ஜனவரியில் கலர்ஸ் என்ற பக்கேஜை அதன் சொந்தக்காரரே முடிவில்லாமல் சுற்றுகிற மாதிரி மாற்றி வெளியிட்டபோது, பழைய வேர்சனைப் பூட்டி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னர், 2021 டிசம்பரில் லொக்4ஜே ஓட்டை வெளிவந்தபோது, பழையதை வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள். பிரதி வைத்திருப்பது வேறு, அதைப் பார்த்துப் பார்த்துப் புதுப்பிப்பது வேறு. இரண்டாவதுக்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளின் பெயர் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது அந்த ஆள் நான். மாதத்தில் முதல் சனிக்கிழமை என்ன பழசாகியிருக்கு, எதில் ஓட்டை என்று பார்த்து ஒரு கொப்பியில் எழுதுகிறேன். அடுத்த வருடம் எனக்குக் கம்பஸ் முடிகிறது. கொப்பியின் முதல் பக்கத்தில் லப்டொப்பின் முகவரி, பாஸ்வேர்ட் இருக்கிற இடம், லொக் பைல் சோதனை மூன்றும் இருக்கு. நாலாவதாக, பிழை என்று ஆரும் வந்தால் கேஷைக் கிளீன் பண்ணச் சொல்லாமல், முதலில் டேட்டா இருக்கா என்று கேட்கவும் என்று எழுதியிருக்கிறேன்.

அந்தத் தங்கச்சிக்கு விசயத்தைச் சொல்லி, சேமிப்பு ஃபோல்டரோடு ஒரு பென் டிரைவும் கொடுத்தேன். பரீட்சை முடியட்டும் அக்கா, பார்ப்பம் என்று சொன்னா. வரைபடத்தில் அவவின் ஊர்ப் பக்கம் இன்னும் பெயரில்லாமல்தான் கிடக்கு.